தோகை கட்டிப் பிரைடு ஊர்வலத்துக்குப் போகிறேன்: கட்டத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தையல் (ஞாயிறு, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை கோயம்புத்தூரில், ஒரு தையல் யூனிட்டில் ஆரி வேலை. நான் தன்பாலீர்ப்புள்ள ஆண். தங்கச்சிக்குத் தெரியும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கேரளத்துப் பிரைடு ஊர்வலம், நம்மைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் பெருமையோடு நடக்கும் ஊர்வலம், ஊருக்கு ஊர் மாறி நடக்குமல்லவா, இந்தத் தடவை எர்ணாகுளம் என்கிறார்கள். இதற்கு முன் சென்னையில் ஒரு தடவை பேன்ட் சட்டையோடு கடைசி வரிசையில் நடந்திருக்கிறேன். அப்போது எனக்கு முன்னால் ஒருவர் முழு அலங்காரத்தில் போனார். தலையில் கிரீடம், தரையைத் தொடும் பாவாடை, கைநிறைய வளையல். அவர் போன பாதையில் மற்றவர்கள் தானாக நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் மனதில் ஒரு தோகை இருக்கிறது.

முதுகில் கட்டுகிற மாதிரி அரைவட்டத் தோகை. அகலம் 5 அடி. நம் வானவில் கொடியின் ஆறு நிறம், ஒவ்வொன்றும் ஒரு பட்டுச்சேலைத் துண்டு. உடம்பில் கச்சம் வைத்துக் கட்டிய சேலை, மேலே நானே ஆரி போட்ட ரவிக்கை. தைக்கிற வேலை எல்லாம் எனக்குக் கைவரும். ஆனால் சட்டம் கட்டத் தெரியாது. மூங்கிலா, பிவிசி குழாயா? முதுகில் எப்படி நிற்கும்? ரயிலில் எப்படிக் கொண்டுபோவது? மூன்று மணி நேரம் நடக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணம் அதிகம் இல்லை, நேரம் இருக்கிறது.

ஒலவக்கோட்டு அக்கா (ஞாயிறு, இரவு 10:25)

வா தம்பி. மூன்று வருடம் சும்மா படித்தாயா! சரி, இனி எழுது.

நான் திருநங்கை. பத்துப் பன்னிரண்டு ஊர்வலம் நடந்திருக்கிறேன், பாதி பெரிய அலங்காரத்தில். அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பாரம் தோளில் இறங்கக்கூடாது, இடுப்பில் இறங்க வேண்டும். மலையேறுகிறவர்கள் மாட்டும் பெரிய பையில் இடுப்பு வார் இருக்கும் பார், அந்த மாதிரிப் பழைய பை ஒன்று வாங்கி, துணியைக் கழற்றிவிட்டு வாரையும் முதுகுச் சட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொள். தோளில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். எனக்கு அப்படி ஆகி, பாதி வழியில் இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன்னால் ஒன்றுக்குப் போய்விடு. மாட்டிய பிறகு உட்கார முடியாது, கழிப்பறை வாசலில் நுழையவும் முடியாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும் இருந்துவிடாதே. உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு பாட்டிலில் துணைக்கு வருகிறவரிடம் கொடுத்து வை. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று உனக்குத் தெரியாது.

செருப்பு தட்டையாகப் போடு. உயரக் குதிகால் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

முகத்துக்கு நாடகக்காரர்கள் போடும் பான்கேக் போதும். திருச்சூர் புலிகளிக்காரர்கள் பவுடர் சாயத்தை வார்னிஷில் குழைத்துப் பூசுவதைப் பார்த்து ஆசைப்பட்டு முகத்தில் அதைப் பூசிவிடாதே. கைவினைக் கடை ஜிகினாத் தூளைக் கண் பக்கம் கொண்டுபோகாதே, விழியைக் கீறிவிடும். கலைப்பதற்குத் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

பூக்காவடி வீட்டான் (திங்கள், காலை 6:15)

எங்கள் அப்பா காலத்திலிருந்து பூக்காவடி கட்டுகிறோம். தைப்பூசத்துக்குக் கூர்க்கஞ்சேரி வரைக்கும் எங்கள் கையால் கட்டியது போகும். நான் உங்கள் ஆளில்லை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். என் தம்பி உங்கள் ஆள். அவனுக்காகத்தான் இந்தக் குழுவில் இருக்கிறேன். கேள்வி என் தொழில் பற்றியது என்பதால் சொல்கிறேன்.

பிவிசி வேண்டாம். வெயிலில் நெளியும், பாரமும் அதிகம். முற்றிய மூங்கிலைப் பிளந்து சிம்பு எடுங்கள். இளசு ஒடியும். கணுவைச் சீவி, மணல்தாள் தேய்த்து, அனலில் லேசாகக் காட்டி வளையுங்கள். மூங்கில் கிடைக்கவில்லை என்றால் மடக்குகிற கொசுவலைக் கூடாரம் இருக்கிறதே, அதன் பைபர் கம்பி. பழையது சும்மாவே கிடைக்கும். வளைந்து கொடுக்கும், ஒடியாது.

எல்லாச் சிம்பும் அடியில் ஒரே போல்ட்டில் சேரட்டும், விசிறி மாதிரி. மடக்கினால் ஒரு குடைக்கட்டு அளவுதான் இருக்கும், ரயிலில் மேல்தட்டில் வைக்கலாம். விரித்த பிறகு பின்னால் குறுக்காக ஒரு சிம்பு கொடுத்துக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். கம்பி முனையை மடித்து உள்ளே தள்ளி, மேலே சைக்கிள் டியூப் பட்டை சுற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் வருகிறவர் கண்ணைப் பதம் பார்க்கும்.

உயரம் தலைக்கு மேல் ஒன்றரை அடி, அதற்கு மேல் வேண்டாம். நகரத்தில் கேபிள் தாழ்வாகத் தொங்கும். எங்கள் காவடிக்கு முன்னால் கம்பி தூக்க ஒரு கழிக்காரன் போவான். உங்களுக்கு அது கிடைக்காது.

இன்னொன்று. சேலைத் துண்டை இடைவெளி இல்லாமல் ஒட்டித் தைக்காதீர்கள். காற்று புகுந்து போக வழி வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (திங்கள், பகல் 1:10)

அண்ணா, ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். காவடி கட்டும் முறையை எடுத்து இதில் பயன்படுத்தினால் சாமி குத்தம் என்று யாராவது சொல்வார்களா? எனக்கே கொஞ்சம் தயக்கம் இருக்கிறது.

பூக்காவடி வீட்டான் (திங்கள், இரவு 8:30)

விரதம் இருந்து, மாலை போட்டு, நேர்ந்துகொண்டு தோளில் ஏற்றினால்தான் அது காவடி. அதற்கு முன்னால் அது மூங்கில். வேலும் மயிலும் வைக்காதீர்கள், முருகன் பெயரைச் சொல்லாதீர்கள், அது போதும். கட்டுகிற முறை என் அப்பாவுடையது. அதை உங்களுக்குத் தர எனக்கு உரிமை உண்டு, தருகிறேன்.

வேலந்தாவளம் ரோடு (செவ்வாய், காலை 7:50)

யாரையும் புண்படுத்த இல்லை, ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஊர்வலம் முடிந்த மறுநாள் பேப்பரில் வரும் படம் எது? இறகு, கிரீடம், கண்ணைப் பறிக்கும் உதட்டுச்சாயம். சாதாரணச் சட்டையில் நடந்த முந்நூறு பேர் படத்தில் இல்லை. நான் என் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "நீயும் அந்த மாதிரி வேஷம் போடுவியா?" என்பதுதான். நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். வேட்டி சட்டையில் போகிறவன், வேட்டி சட்டையிலேயே போக ஆசைப்படுகிறவன். எங்களை மாதிரி ஆட்கள் இருக்கிறோம் என்று ஊருக்குத் தெரியவே இல்லை. வேஷம் கட்டினால் வேடிக்கை பார்ப்பார்கள், கேட்கமாட்டார்கள். இது என் பயம்.

நீதிமன்ற வாசல் (செவ்வாய், இரவு 9:05)

வாத்தியாரின் பயம் நியாயமானது. ஆனால் உடை என்பதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது. சட்டமே உடையைத்தான் முதலில் பிடித்தது.

1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். நமக்கு அதன் முதல் பகுதிதான் தெரியும். ரேகைச் சட்டம், கைநாட்டு, பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு எல்லாம் அந்த வழியில் வந்தது. அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. வட இந்தியாவில் ஹிஜ்ராக்களை, அதாவது அந்தப் பக்கத்துத் திருநங்கைகளை, பதிவேட்டில் ஏற்றுவதற்கு. அப்படிப் பதிவான ஒருவர் பெண்ணைப் போல உடுத்தியோ நகை அணிந்தோ பொதுத்தெருவில் வந்தால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெருவில் ஆடினாலும் பாடினாலும் அதே தண்டனை. திருடியதற்கு இல்லை, அடித்ததற்கு இல்லை, சேலை கட்டியதற்கு!

இதிலிருந்து 2014 ஏப்ரல் 15-க்கு வாருங்கள். நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த திருநங்கையர் உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம், ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடையால், சொல்லால், செயலால், நடத்தையால் வெளிப்படுத்துவது அரசியல் சாசனம் 19(1)(அ) தரும் கருத்துரிமைக்குள் வரும் என்றது. உடை என்ற சொல் தீர்ப்பிலேயே இருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு விஷயத்தில் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த 2014 தீர்ப்பின் உடை பற்றிய வரிதான் மனதுக்கு நெருக்கம். 143 வருடம் நடந்து வந்த வரி அது.

தம்பி, நீ எந்தச் சேலை வேண்டுமானாலும் கட்டு.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (செவ்வாய், இரவு 11:20)

வாத்தியாருங்க, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை என் அம்மாவும் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் எழுத்தை மூன்று தடவை படித்தேன்.

நான் வேஷம் என்று நினைக்கவில்லை. எங்கள் ஊரில் தேர் இருக்கிறது. வருடம் முழுக்கத் தகரக் கொட்டகையில் நிற்கும். நோன்பு வந்தால் ஜோடிப்போம். தொம்பை, குருத்தோலை, வாழைமரம், பட்டுத்துணி, காகிதப்பூ. ஜோடித்த தேரைப் பார்த்து யாரும் தேர் வேஷம் போட்டிருக்கிறது என்று சொல்வதில்லை. அது ஜோடனை. இருபத்தாறு வருடம் நான் கொட்டகையில் நின்றவன். ஒரு நாள் ஜோடித்துக்கொண்டு தெருவில் வர ஆசைப்படுகிறேன்.

வேலந்தாவளம் ரோடு (புதன், காலை 6:40)

ஜோடனை என்ற சொல் நன்றாக இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன். பத்திரிகைப் படம் பற்றி நான் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை. நானும் வருகிறேன், வேட்டி சட்டையில், உன் பக்கத்தில். படம் எடுத்தால் இரண்டு பேரும் அதில் இருக்கட்டும்.

பாலக்காட்டுச் சித்தூர்க்காரி (புதன், பகல் 12:15)

நான் சித்தூரில் பிறந்து இப்போது சிட்னியில் இருக்கிறேன். இந்த ஊர் மார்டி கிரா பிரைடு ஊர்வலம்தான் அலங்காரத்துக்கு உலகப் புகழ். அது எப்படித் தொடங்கியது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாத்தியார் அண்ணாவுக்காக எழுதுகிறேன்.

1978 ஜூன் 24. இங்கே அது குளிர்காலம். இரவில் அலங்காரம் செய்துகொண்டு தெருவிழா மாதிரி வாருங்கள் என்று அழைத்தார்கள். போலீஸ் அடித்து 53 பேரைப் பிடித்தது. அப்புறம் ஒரு நாளிதழ் பிடிபட்டவர்களின் பெயர், முகவரி, என்ன வேலை என்பதையெல்லாம் அச்சடித்தது. பலருக்கு வேலை போயிற்று, வீடு போயிற்று. அந்த நாளிதழ் 2016-இல்தான் மன்னிப்புக் கேட்டது. 38 வருடம் கழித்து. அடிபட்டவர்களில் சிலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

ஆனால் அவர்கள் அடுத்த வருடமும் வந்தார்கள். 1981-லிருந்து ஊர்வலத்தைக் கோடைக்கு மாற்றிக்கொண்டார்கள், அலங்காரம் குளிரில் நடுங்கவேண்டாம் என்று. இப்போது நான் பார்க்கும் இறகும் மின்விளக்கும் அந்த இரவில் அடிபட்ட உடைகளின் வாரிசு. சாலையோரம் நின்று பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அழுகை வருகிறது.

சென்னையில் 2009-இல் முதல் ஊர்வலம் நடந்தபோது நான் கல்லூரியில் படித்தேன். போக ஆசைப்பட்டு எழும்பூர் வரை வந்து திரும்பிவிட்டேன். தம்பி, எனக்கும் சேர்த்து நட.

மீனாட்சிபுரம் (புதன், இரவு 10:50)

படம் எடுப்பார்கள் என்றால் என்னால் வர முடியாது. வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டா? அப்படி வந்தால் தப்பாக நினைப்பார்களா?

ஒலவக்கோட்டு அக்கா (புதன், இரவு 11:05)

யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் கண்ணு. முகமூடியோடு நடப்பவர்கள் எல்லா ஊர்வலத்திலும் உண்டு. 1999-இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் நடை நடந்தபோது வந்தது மொத்தம் 15 பேர். அதுவே ஊர்வலம்தான். நீ முகமூடியில் வந்தாலும் தலை எண்ணிக்கையில் ஒன்று.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பொதுச்சாலையில் யார் கையிலும் போன் இருக்கிறது. கூட்டத்தை நடத்துகிறவர்கள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று சொல்வார்கள், ஆனால் எல்லோரும் கேட்கமாட்டார்கள். அதனால் முகமூடி மட்டும் போதாது. கல்லூரி அடையாள அட்டை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டை, கைக்கடிகாரம், கையில் குத்திய பச்சை, இவற்றையும் மறை. போனில் இடம் காட்டுவதை அணைத்து வை. இன்னும் பயமாக இருந்தால் இந்த வருடம் வரவேண்டாம். ஊர்வலம் அடுத்த வருடமும் வரும். படிப்பை முடி.

கொல்லம் பக்கம் சவறையில் கொட்டங்குளங்கரைக் கோயிலில் மீன மாதம் 10, 11 தேதிகளில் சமயவிளக்கு நடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்கள் மீசையை எடுத்து, சேலை கட்டி, பூ வைத்து, கையில் விளக்கோடு நிற்பார்கள். மனைவி கணவனுக்கு மடிப்பு வைத்து விடுவாள், அம்மா மகனுக்குப் பொட்டு வைப்பாள். நானும் போயிருக்கிறேன். அந்த இரவில் என்னை ஒருவரும் முறைத்துப் பார்க்கவில்லை. விடிந்து அதே சேலையில் பஸ்ஸில் ஏறினேன், பக்கத்து இருக்கையில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். அந்த இரவுக்கும் இந்தக் காலைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைக்கத்தான் நான் ஊர்வலத்தில் நடக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (ஞாயிறு, மாலை 6:30)

ஆறு சேலைக்கு அலைந்தேன். சிவப்பு என் தங்கச்சி கொடுத்தது. ஆரஞ்சும் மஞ்சளும் யூனிட்டில் மீந்த துண்டு. பச்சை, நீலம், ஊதா மூன்றும் பழைய துணி விற்கிறவரிடம், மொத்தம் 340 ரூபாய்.

இன்றைக்கு அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போயிருந்தேன். தகரப்பெட்டியைத் திறந்து வெயிலில் துணி காயவைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு ரோஸ் பட்டு. மடிப்பு மடிப்பாக நிறம் மங்கி, மடித்த ஓரத்தில் இழை விட்டுப்போயிருந்தது. கரையில் மட்டும் ஜரிகை அப்படியே. "இதைக் கொடுங்களேன் அம்மிச்சி, ஒரு ஜோடனைக்கு வேணும்" என்றேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கரையை இரண்டு விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "கத்திரி போடறதுன்னா குறுக்கால போடு, நெட்டுக்குப் போட்டா கிழிஞ்சுட்டே போகும்" என்றது. பூச்சி உருண்டை வாசத்தோடு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை, ரோஸ் ஆறு நிறத்தில் இல்லை. ஆனால் விட மனசில்லை.

பாலக்காட்டுச் சித்தூர்க்காரி (ஞாயிறு, இரவு 7:45)

விடாதே! 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் முதல் வானவில் கொடியைச் செய்தபோது அதில் எட்டு நிறம். உச்சியில் இருந்ததே ரோஸ்தான். நண்பர்களோடு சேர்ந்து கையால் சாயம் தோய்த்துத் தைத்தார். அப்புறம் கொடிகளை நிறையச் செய்ய வேண்டி வந்தபோது அந்த ரோஸ் துணி போதிய அளவு கிடைக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். பிறகு மயில்நீலமும் போயிற்று. ஆறு ஆயிற்று. அதாவது ரோஸ் காணாமல் போனதற்குக் காரணம் கொள்கை இல்லை, துணிக்கடை.

உன் அம்மிச்சியிடம் அந்தத் துணி இருந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (ஞாயிறு, இரவு 8:00)

அக்கா, எனக்குக் கை நடுங்குகிறது. அப்படியென்றால் எட்டும் போடுகிறேன். மயில்நீலம் நாளைக்கே தேடுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (பத்து நாள் கழித்து, புதன், இரவு 9:15)

ஒடிந்துவிட்டது.

ஊரில் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தேன். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, தென்னையே சாய்ந்துதான் நிற்கும். பட்டை பட்டையாக இடைவெளி விடச் சொன்னீர்கள் அண்ணா, அழகாக இருக்கட்டும் என்று நான் ஒட்டித் தைத்துவிட்டேன். ஒரே வீச்சில் என்னை நாலடி தள்ளி, இடப்பக்கம் மூன்று சிம்பு பட்பட்டென்று போயிற்று. எடையும் போட்டுப் பார்த்தேன், ஆறரை கிலோ.

பூக்காவடி வீட்டான் (புதன், இரவு 9:50)

நல்லதுக்குத்தான். வயலில் ஒடிந்தது, ரோட்டில் ஒடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். மூங்கிலை எடுத்துவிட்டு பைபர் கம்பி போடலாம். துணியை அடியில் மட்டும் தைத்து, மேலே நாலு விரல் இடைவெளி விட்டுத் தனித்தனியாகத் தொங்கவிடலாம். நடக்கும்போது அசையும், அதுவே அழகு. என் தம்பியும் இருப்பான், சாப்பாடு எங்கள் வீட்டில்.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (ஊர்வலத்துக்கு மறுநாள், திங்கள், இரவு 10:30)

போனேன். நடந்தேன். வந்துவிட்டேன். நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

விடிகாலையில் பாலக்காடு ஜங்ஷனில் அக்கா, வாத்தியார், நான் மூன்று பேரும் ஏறினோம். தோகையைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி மேல்தட்டில் வைத்தேன். டிக்கெட் பரிசோதகர் நிமிர்ந்து பார்த்து மலையாளத்தில், "உற்சவமா?" என்றார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

ஊர்வலம் மதியத்துக்கு மேல்தான். உடை மாற்ற ஒரு கூடம் கொடுத்திருந்தார்கள். நான் அதுவரை பார்த்திராத காட்சி அந்தக் கூடம்தான். ஒருவர் தெய்யம் மாதிரிச் சிவப்பு முகத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்க, இன்னொருவர் வரைந்துகொண்டிருந்தார். கசவு முண்டுக்கு ஏழு நிறத்தில் கரை தைத்துக் கட்டியிருந்த இரண்டு பெண்கள் ஒருவர் மடிப்பை ஒருவர் சரிசெய்தார்கள். கிறிஸ்தவக் கல்யாண கவுனில் ஒரு திருநங்கை, அவர் அம்மா பின்னால் கொக்கி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சேஃப்டி பின் கேட்டால் நாலு கை நீண்டது. யாரும் யாரையும் யார் என்று கேட்கவில்லை.

அக்காதான் எனக்குக் கச்சம் இழுத்துக் கட்டினார். மூக்கில் பவுடர் ஒற்றும்போது, "மூச்சு விடு, பிடிச்சுக்காதே" என்று இரண்டு தடவை சொன்னார். தோகையை வாத்தியார் பின்னால் தூக்கிப் பிடிக்க, இடுப்பு வாரை இறுக்கினேன். இப்போது எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தூக்கியிருப்பதே தெரியவில்லை.

முகமூடி ஒன்று தைத்து வைத்திருந்தேன், அரை முகத்துக்கு. கட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன். வெளியே செண்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் ஏறும். முதல் தெரு திரும்புவதற்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கி எரிய ஆரம்பித்தது, ஒன்றும் தெரியவில்லை. கழற்றி வாத்தியாரிடம் கொடுத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பக் கட்டத்தான் கழற்றினேன். அவர் பையில் போட்டுக்கொண்டார், நான் திரும்பக் கேட்கவில்லை.

பாதி வழியில் தூறல். ஜரிகை கறுத்துவிடுமே என்றுதான் முதல் நினைப்பு. பக்கத்தில் வந்தவர்கள் தாங்களாகவே குடையை என் தோகைக்கு மேல் பிடித்தார்கள், தங்கள் தலை நனைய. ஒரு பேக்கரி வாசலில் நின்ற பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மோனே, மேலே கேபிள் இருக்கு, குனிஞ்சு போ" என்றார், கை நீட்டிக் காட்டி. அண்ணா, உங்கள் கழிக்காரர் அங்கே எனக்குக் கிடைத்தார்.

கெட்டதும் நடந்தது. பைக்கில் இரண்டு பேர் இரண்டு முறை வட்டமடித்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். போலீஸ்காரர் ஒருவர் விரட்டினார். ஒரு பையன் கேட்காமல் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினான். வாத்தியார் தன் வேட்டி சட்டையோடு நடுவில் வந்து நின்று, பள்ளிக்கூடக் குரலில், "கேட்டுட்டு எடு தம்பி" என்றார். அவன் கேட்டான். இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம்.

கடைசியில் மைதானத்தில் வாரை அவிழ்த்தபோது இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு. முதுகில் காற்று பட்டதும் வெறுமையாக இருந்தது. மண்ணில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டினார்.

இன்னொன்று சொல்லவேண்டும். இன்றைக்குக் காலையில் தங்கச்சி போன் செய்தாள். யாரோ போட்ட படம் ஒன்று பக்கத்து வீட்டு அக்கா போனுக்கு வந்திருக்கிறது. பின்னாலிருந்து எடுத்தது, முகம் இல்லை, தோகை மட்டும். அம்மா பார்த்திருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. ரோஸ் பட்டைத் தெரிந்துவிட்டது. அது அம்மாவின் அம்மா கட்டிக்கொண்ட சேலையல்லவா.

மதியம் அம்மா கூப்பிட்டார். வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மிச்சி சேலை நனைஞ்சிருச்சா?" என்றார். லேசாக நனைஞ்சுது, நிழலில் போட்டிருக்கேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

ஒலவக்கோட்டு அக்கா (திங்கள், இரவு 10:50)

சனிக்கிழமை நான் ஒலவக்கோட்டிலேயே இருக்கிறேன். ராத்திரி எத்தனை மணியானாலும் போனை எடுப்பேன். தங்க இடம் வேண்டுமென்றாலும் இருக்கிறது. சேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.

வேலந்தாவளம் ரோடு (செவ்வாய், காலை 6:30)

அந்தப் பையன் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினான். என் அப்பாவுக்குக் காட்டினேன். தோகையைக் காட்டி, "இதை யார் தைச்சது, கைவேலை நல்லா இருக்கே" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பூக்காவடி வீட்டான் (செவ்வாய், காலை 7:10)

துணியை அவிழ்த்து மடித்து வையுங்கள், சட்டத்தில் தொங்கவிட்டே வைத்தால் மடிப்பில் இழை விட்டுவிடும். போல்ட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடுங்கள், தூறலில் நனைந்தது துருப்பிடிக்கும்.

மீனாட்சிபுரம் (செவ்வாய், இரவு 11:40)

அண்ணா, எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் படிப்பு இருக்கிறது. முடித்ததும் வருவேன். அதுவரைக்கும் அந்தச் சட்டத்தை யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருப்பீர்களா? துணி நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைத் தையல் (புதன், காலை 5:55)

வைத்திருக்கிறேன். இடுப்பு வாரைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். நாடாவால் இடுப்பை அளந்து அனுப்பு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அள.